கருப்புத் துணி, கொஞ்சம் ஆவி, ஒரு போட்டோ



சில மாதங்களுக்கு முன் நடந்த விற்பனைப் பயிற்சியில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "மேடம், நம்ம சுக்குக் காபிப் பொடியை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டா யாரும் நின்னு பாக்கிறதில்லை. டி.வி. விளம்பரத்துல மட்டும் டம்ளர்லேர்ந்து ஆவி அப்படியே பறக்குது. அது நமக்கு வராதா?"

வரும். அதற்குப் பெரிய கேமரா வேண்டாம். ஒரு செல்போன், ஒரு கருப்புத் துணி, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் போதும். அசையாத போட்டோவின் மேல், அசையும் வீடியோவை ஒரு அடுக்காக வைப்பதுதான் அந்த வித்தை. இந்த இதழில் அதைப் படிப்படியாகக் கற்றுக்கொள்வோம். கூடவே, இதே வித்தையால் நம் பகுதியில் நடந்த ஒரு தவறையும் மறைக்காமல் சொல்கிறோம். பாடத்தில் பாதி அதுதான்.

கருப்பு ஏன் மறைகிறது?

சிலேட்டை நினைத்துப் பாருங்கள். சிலேட்டு கருப்பு, எழுத்து வெள்ளை. சிலேட்டை அப்படியே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் தூக்கி வேறொரு படத்தின் மேல் வைக்க முடிந்தால் எப்படி இருக்கும்? வீடியோ செயலியில் உள்ள 'ஸ்கிரீன்' என்ற முறை இதைத்தான் செய்கிறது.

காரணம் எளிது. இருட்டு அறையில் ஒரே சுவரில் இரண்டு டார்ச் லைட் அடித்தால், இரண்டு வெளிச்சமும் சேரும் இடம் கூடுதலாகப் பளிச்சென்று தெரியும். ஒரு டார்ச் படாத இடத்தில் அந்த டார்ச்சால் ஒரு மாற்றமும் இல்லை. கருப்பு என்றால் வெளிச்சமே இல்லை என்று பொருள். ஆகவே கருப்புத் துணிக்கு முன்னால் எடுத்த ஆவியை போட்டோ மேல் வைத்தால், துணி காணாமல் போகும். வெளிச்சம் பட்ட ஆவி மட்டும் நிற்கும்.

இது செல்போன் வந்த பிறகு பிறந்த வித்தை அல்ல. பிரான்ஸ் நாட்டில் மேடையில் மாயவித்தை காட்டிக்கொண்டிருந்த ஜார்ஜ் மெலியஸ் என்பவர், 1900ஆம் ஆண்டு ஒரு சிறு படத்தில் தான் ஒருவரே 7 வாத்தியக்காரர்களாகத் தோன்றினார். கருப்புப் பின்னணிக்கு முன்னால் நடித்து, அதே பிலிமைத் திரும்பச் சுற்றி, மறுபடி மறுபடி படம் எடுத்தார். கருப்பாக இருந்த இடத்தில் பிலிமில் வெளிச்சம் விழவில்லை. அதனால் அந்த இடம் அடுத்த உருவத்துக்குக் காலியாக இருந்தது. அன்று பிலிமில் செய்ததை இன்று நாம் செல்போனில் செய்கிறோம்.

முதல் படி: போட்டோ எடுத்தல்

1. டம்ளரின் பின்னால் இருட்டான பின்னணி வேண்டும். பழைய மரக்கதவு, அடர்ந்த நிறச் சேலை, நிழல் விழுந்த சுவர் நல்லது. வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்தால் வெள்ளை மேல் வெள்ளையாகி ஆவி தெரியாது.

2. டம்ளருக்கு மேல் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். ஆவி எழும்ப இடம் வேண்டுமல்லவா?

3. ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆவியை எடுக்கும்போதும் அதே பக்கமிருந்துதான் வெளிச்சம் வர வேண்டும். மாறினால் பார்ப்பவர் கண்ணுக்கு 'என்னமோ சரியில்லை' என்று பட்டுவிடும்.

4. செல்போனை நிமிர்த்தி எடுப்பதா, படுக்க வைத்து எடுப்பதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். போட்டோவும் வீடியோவும் ஒரே வாட்டத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஆவியை வீடியோ எடுத்தல்

1. வெளிச்சம் குறைந்த அறையில் கருப்புத் துணியைச் சுருக்கம் இல்லாமல் தொங்கவிடுங்கள். பளபளக்கும் பட்டு, பாலியஸ்டர் வேண்டாம். காட்டன் துணி, கம்பளி நல்லது.

2. துணிக்கு இரண்டடி முன்னால் கொதித்த தண்ணீர்ப் பாத்திரத்தை வையுங்கள். ஒட்டி வைத்தால் வெளிச்சம் துணியிலும் பட்டு அது சாம்பல் நிறமாகத் தெரியும்.

3. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ ஆவி மேல் விழ வேண்டும். நேராக முன்னாலிருந்து அடித்தால் ஆவி சரியாகத் தெரியாது.

4. மின்விசிறியை நிறுத்துங்கள். செல்போனைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கில் சாய்த்து வையுங்கள்.

5. திரையில் ஆவி இருக்கும் இடத்தில் விரலைக் கொஞ்ச நேரம் அழுத்துங்கள். பல செல்போன்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சூரியன் படம் வரும். துணி நன்றாகக் கருப்பாகும் வரை கீழே இழுங்கள். பிறகு 30 வினாடி எடுங்கள்.

பனிமூட்டம் வேண்டுமென்றால் சாம்பிராணிப் புகையை இதே போல எடுக்கலாம். சாரல் மழைக்குப் பூவாளியால் தண்ணீர் தெளிக்கலாம். பறக்கும் தூசிக்குச் சல்லடையில் மாவு சலிக்கலாம். எல்லாவற்றுக்கும் பின்னால் கருப்புத் துணி. ஒரு எச்சரிக்கை: புகை போடும்போது ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அந்த அறையில் இருக்க வேண்டாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரண்டையும் சேர்த்தல்

கைன்மாஸ்டர் போன்ற வீடியோ செயலிகளில் இதற்கு வசதி உண்டு. பொத்தான்களின் பெயர் செயலிக்குச் செயலி கொஞ்சம் மாறும். வேலை ஒன்றேதான்.

1. புதிய வீடியோ தொடங்கி, முதலில் போட்டோவைச் சேருங்கள். அதன் நீளத்தை 10 வினாடிக்கு இழுத்து வையுங்கள்.

2. 'லேயர்' என்ற பொத்தானைத் தொட்டு, ஆவி வீடியோவை போட்டோ மேல் கொண்டு வாருங்கள். இப்போது கருப்புச் சதுரம் போட்டோவை மறைக்கும். பயப்பட வேண்டாம்.

3. 'பிளெண்டிங்' என்பதைத் தொட்டு, அதில் 'ஸ்கிரீன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருப்பு போய்விடும். பயிற்சியில் இந்த இடம் வந்ததும் எல்லோரும், "அட, துணி எங்கே போச்சு!" என்று சிரித்தார்கள்.

4. ஆவியை டம்ளரின் வாய்க்கு மேல் நகர்த்தி, அளவைச் சரிசெய்யுங்கள்.

5. 'ஒபாசிட்டி' என்பதைக் குறைத்தால் ஆவி மெலிதாகும். உப்பு போடுவது போலத்தான், கொஞ்சம் குறைவாக இருப்பதே நல்லது. பார்ப்பவர் கண்ணில் முதலில் பட வேண்டியது காபி.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

சதுரத்தின் ஓரம் கோடாகத் தெரிகிறதா? துணி முழுக் கருப்பாக இல்லை என்று அர்த்தம். ஆவி வீடியோவின் 'பிரைட்னஸ்' அளவைக் குறைத்து, 'கான்ட்ராஸ்ட்' அளவைக் கூட்டுங்கள். அதற்கும் போகாவிட்டால், ஓரம் திரைக்கு வெளியே போகும்படி ஆவி வீடியோவைப் பெரிதாக்குங்கள்.

ஆவி டம்ளரை விட்டு நகர்கிறதா? போட்டோ மெல்லப் பெரிதாகும்படி செயலி தானாகவே அமைத்திருக்கும். அதன் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் ஒரே மாதிரி வையுங்கள். போட்டோ அசையாமல் நிற்கும்.

ஆவி அவசரமாக ஓடுகிறதா? வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

பாட்டு சேர்க்கலாமா? சினிமாப் பாட்டுக்கு உரிமைக்காரர் உண்டு, அது வேண்டாம். காபி ஆற்றும் சத்தத்தையோ, "எங்க குழு அரைச்ச பொடிங்க" என்று உங்கள் குரலையோ பதிவு செய்து சேருங்கள். அதற்கு உள்ள மதிப்பு எந்தப் பாட்டுக்கும் இல்லை.

எங்களிடம் நடந்த தவறு

இதே பாடத்தை 2023ஆம் ஆண்டும் நாங்கள் ஒரு கிராமத்தில் நடத்தினோம். செய்முறை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். அந்த டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம், பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தங்கை தன் ஊர்த் தரைப்பாலத்தின் பழைய போட்டோ மேல் மழையையும் ஓடும் தண்ணீரையும் வைத்து ஒரு வீடியோ செய்தார். நன்றாக வந்திருந்தது. சந்தோஷத்தில் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். கீழே 'பயிற்சி வீடியோ' என்றும் எழுதினார்.

யாரோ அதை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டு, 'பாலம் மூழ்கிவிட்டது' என்று வேறு குரூப்புகளில் போட்டுவிட்டார்கள். அன்று மாலைப் பால் வண்டி அந்த ஊருக்கு வரவில்லை. ஓட்டுநரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார். பாலம் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அந்தக் குழுவில் கடன் வாங்கி மாடு வளர்க்கும் 11 பேரின் ஒரு வேளைப் பால் வீணாகிப் போனது. அந்த மாதத் தவணையில் அது தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தங்கை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மூத்த உறுப்பினர் ஒருவர், "பொண்ணு மேல என்ன தப்பு? கத்தியைக் குடுத்தவங்க பிடியைக் காட்டணும்ல?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டது சரி. தவறு சொல்லிக்கொடுக்காத எங்களுடையது. அதன் பிறகு எந்தப் பயிற்சியிலும் கீழே உள்ள விதிகளைச் சொல்லாமல் செய்முறைக்குள் போவதில்லை.

நாம் வைத்துக்கொள்ள வேண்டிய 4 விதிகள்

1. உண்மையில் இருப்பதையே சேர்ப்போம். சூடான காபியில் ஆவி வரும். கேமராவில் சரியாக விழாத அதை நாம் தெரிய வைக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் மஞ்சள் தூளின் நிறத்தை ஏற்றுவதும், இல்லாத முந்திரியைக் காட்டுவதும் ஏமாற்று. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நடவடிக்கை உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறை நம் பொருளை வாங்கமாட்டார்.

2. உண்மையான இடத்தின் போட்டோ மேல் வெள்ளம், தீ, புகை வைக்க மாட்டோம். விளையாட்டுக்குக் கூட வேண்டாம். பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்கினால், 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ கிடைக்கலாம்.

3. பயிற்சிக்காகச் செய்தது என்றால் அதைப் படத்தின் மேலேயே, நடுவில் எழுதுவோம். கீழே எழுதும் குறிப்பு அடுத்த குரூப்புக்குக் கூடவே போகாமல் போகலாம். படத்தின் மேல் எழுதினால் படத்தோடு போகும்.

4. ஒருவரின் முகம் உள்ள போட்டோவை அவரைக் கேட்காமல் எடுத்து எதையும் சேர்க்க மாட்டோம். சேர்த்து முடித்ததும் முதலில் அவரிடமே காட்டுவோம்.

இந்த விதிகளைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் வீடியோ வந்தால் உற்றுப் பாருங்கள். மழை பெய்கிறது, ஆனால் மரத்தில் இலை அசைகிறதா? தண்ணீர் ஓடுகிறது, ஆனால் அதில் நிழல் விழுகிறதா? பின்னால் இருப்பதெல்லாம் போட்டோ போல உறைந்து நிற்கிறதா? சந்தேகம் வந்தால் யாருக்கும் அனுப்பாமல், அந்த ஊரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு போன் போடுங்கள். நம் பால் வண்டிக்கு அன்று அந்த ஒரு போன் போதுமாயிருந்தது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுப் பொருளில் எதற்கு ஆவி, புகை, சாரல் பொருந்தும்? எதற்கு ஒன்றும் சேர்க்காமல் விடுவது நல்லது?

2. 'இது சேர்த்தது' என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய இடம் எது?

3. பொய் வீடியோ ஒன்று நம் ஊரைப் பற்றி வந்தால், உண்மையைச் சொல்ல யார் யாருக்கு போன் செய்வது? மூன்று பேரின் எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

செய்முறைப் பயிற்சி: அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் 10 வினாடி வீடியோ ஒன்று செய்து வாருங்கள். செல்போன் தெரிந்த தங்கையும், செல்போனைத் தொடவே தயங்கும் அக்காவும் ஜோடியாக உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது மட்டும் எங்கள் வேண்டுகோள். தரைப்பாலம் வீடியோ செய்த அந்தத் தங்கைதான் இப்போது எங்களோடு வந்து இந்தப் பாடத்தை எடுக்கிறார். நான்கு விதிகளையும் அவர் வாயால் கேட்கும்போது யாரும் மறப்பதில்லை.

கற்போம், கற்றதை நல்லதற்குப் பயன்படுத்துவோம்.