சித்திரபுரத்தில் வகுப்பெடுக்கப் போகும் தங்கைக்கு



கேரளத்தில் மூணாறுக்குப் பக்கத்திலுள்ள சித்திரபுரத்து முதியோர் வகுப்புக்குத் தொண்டராகப் போகிறாய். எழுத்துகளை எந்த வரிசையில் சொல்லித் தருவது என்பதைப் பயிற்சியிலேயே கற்றிருப்பாய். முதியோர் கல்வியில் அது பாதி வேலைகூட இல்லை என்பது என் கருத்து. படிக்க விரும்புகிறவரை எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஊர்க்காரர்களைக் கொண்டே அதை விலக்குவதுதான் பெரிய வேலை. 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட எர்ணாகுளம் மாவட்டத்தைப் பார். மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் ஆயிரக்கணக்கான தொண்டர்களோடு இறங்கிய இயக்கம் அது. வகுப்புக்கு வந்தவர்களில் வயதான பலருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தே மங்கலாகத் தெரிந்தது. உடனே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். மூக்குக் கண்ணாடிகளை ஆயிரக்கணக்கில் நன்கொடையாகத் திரட்டிக் கொடுத்தார்கள். கண்ணாடி வாங்கித் தந்தவர்களும் அந்த இயக்கத்தின் ஆசிரியர்கள்தான். பாடம் நடத்தத் தெரியாதவருக்கும் வகுப்பில் வேலை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் இன்னொரு படி மேலே போனது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் பல்லாயிரம் பேர். குவாரிகளில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைக்கு எடுத்தவருக்குக் கணக்கு வேண்டும், ரசீது படிக்க வேண்டும். கற்ற எழுத்துக்கு மறுநாளே வேலை இருந்ததால் வகுப்பு அவர்களுடைய காரியமாகிவிட்டது.

நீ போகும் ஊரைச் சுற்றித் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள். பகல் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, அடுப்பையும் பார்க்கிற பெண்கள். அவர்களுக்குக் கணக்குப் பாடம் எங்கே இருக்கிறது தெரியுமா? சம்பளச் சீட்டில். எடுத்த கொழுந்தின் எடை, கூடுதல் கிலோவுக்கான தொகை, பி.எஃப். பிடித்தம் என்று ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண் தொழிலாளர்களின் பெம்பிளை ஒருமை நடத்திய போராட்டத்தில் போனஸ் பத்து சதவீதமா இருபதா என்பது முக்கியமான கேள்வியாக இருந்தது. சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். இதை ஒரு மாலையில் கற்பித்துவிடலாம். அந்தப் பெண்கள் எந்த முதியோர் வகுப்பையும் நம்பாமல் ஒன்றுதிரண்டவர்கள்தானே என்று நீ கேட்கலாம். உண்மை. அதனால்தான் அவர்களுக்கு அறிவூட்டப் போகிறோம் என்ற நினைப்போடு உள்ளே போகாதே. வகுப்பு எத்தனை மணிக்கு, யார் வீட்டுத் திண்ணையில், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யட்டும்.

கூலியில்லாத தொண்டர்கள் வந்தால் அரசு கைகழுவிவிடும் என்பார்கள். இதுதான் கனமான மறுப்பு. 1991 ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்ட பிறகும், கற்றதைத் தக்கவைக்கத் தொடர்கல்வி தேவைப்பட்டது. அதை ஆர்வத்தால் மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்துச் செல்ல முடியாது. கேரள அரசின் எழுத்தறிவு அமைப்பான சாட்சரதா மிஷனின் பிரேரக் (ஊக்குநர்) செய்யும் வேலையை நீ இலவசமாகச் செய்து கொடுக்கக் கூடாது. அவருக்கு நேரமில்லாத வேலையைச் செய்: வகுப்புக்கு வருவதை நிறுத்தியவர் வீட்டுக்குப் போ, சுகாதார நிலையத்தில் கண் பரிசோதனைக்குக் கேள், நூலகத்தில் மாலை நேரத்துக்கு ஓர் அறை கேள். தொடர்கல்வி மையத்துக்கும் பிரேரக்குக்கும் வர வேண்டிய பணம் தாமதமானால், ஊராரோடு சேர்ந்து பஞ்சாயத்தில் கேட்பதும் தொண்டுதான்.

இதற்கெல்லாம் பாட நேரம் வீணாகாதா என்று மேலே இருந்து கேட்பார்கள். முதல் மாதம் பாடம் குறையத்தான் செய்யும், கவலைப்படாதே. பத்தாம் வகுப்புக்கு இணையான துல்யதா பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம் என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடு. அலுவலகங்களில் பார்க்கும் மலையாளத்தைக் கண்டு, படிப்பே நமக்கு ஆகாது என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது.

அன்புடன்,
அக்கா