அறுபதில் ஒன்று பழுதானால்?

பாட்டரி இல்லாமல், வெளிச்சத்தில் மட்டுமே இயங்கும் சிறிய கால்குலேட்டர் ஒன்று கிடைத்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அதன் மேற்புறத்தில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். உற்றுப் பார்த்தால், மெல்லிய கோடுகள் அதைப் பல கட்டங்களாகப் பிரித்திருப்பது தெரியும். பெரும்பாலும் நான்கு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சூரிய மின்கலம். அறை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். எண்கள் மங்கி மறைந்துவிடும்.

முக்கால் பங்கு இடத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டுதானே இருக்கிறது? மூன்று கலங்கள் நன்றாக வேலை செய்யும்போது, ஒன்றின் முடக்கம் எல்லாவற்றையும் ஏன் நிறுத்த வேண்டும்? வீட்டுக் கூரைகளில் நாம் பார்க்கும் பெரிய சூரியப் பலகைகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இதற்கு விடை தெரிந்துவிட்டால், பலகை செய்யும் தொழிற்சாலையில் பழுதான கலத்தை ஏன் அத்தனை பாடுபட்டுத் தேடுகிறார்கள், அதை எப்படிச் சீராக்குகிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

குடம் கைமாறும் வரிசை

கிணற்றடியிலிருந்து தொட்டி வரை பத்துப்பேர் வரிசையாக நின்று தண்ணீர்க் குடங்களைக் கைமாற்றுவதாகக் கொள்வோம். ஒன்பது பேர் நிமிடத்திற்கு 20 குடம் மாற்ற வல்லவர்கள். ஒருவரால் 10 குடம்தான் முடியும். தொட்டிக்கு நிமிடத்திற்கு எத்தனை குடம் வரும்? பத்துதான். சோர்ந்தவர் வரிசையின் தொடக்கத்தில் நின்றாலும் கடைசியில் நின்றாலும் கணக்கு மாறாது.

தொடரிணைப்பில் உள்ள மின்கலங்களின் நிலையும் இதுவே. வெயிலில் இயங்கும் ஒரு சிலிக்கான் கலம் ஏறத்தாழ அரை வோல்ட்தான் தரும். அதைக் கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே 36, 60, 72 என்று பல கலங்களைத் தொடராக இணைத்துப் பலகை செய்கிறார்கள். தொடரிணைப்பில் மின்னழுத்தங்கள் கூடும். மின்னோட்டமோ எல்லாக் கலங்களிலும் ஒன்றாகவே இருக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த விதிதான் இங்கே சிக்கலை உண்டாக்குகிறது.

60 கலங்கள் கொண்ட பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கலமும் 0.5 வோல்ட், 9 ஆம்பியர் தருகிறது. பலகையின் மின்னழுத்தம் 30 வோல்ட்; திறன் 30 × 9 = 270 வாட். இப்போது ஒரு கலத்தில் பாதி உடைந்து தொடர்பற்றுப் போகிறது. அந்தக் கலத்தால் 4.5 ஆம்பியர்தான் தர முடியும். மற்ற 59 கலங்களும் அதே 4.5 ஆம்பியருக்கு இறங்கி வர வேண்டியதுதான். திறன் 30 × 4.5 = 135 வாட். நாம் இழந்த பரப்பு 120இல் ஒரு பங்கு. இழந்த திறனோ சரிபாதி!

சூடேறும் கலம்

திறன் குறைவதோடு தொல்லை முடிவதில்லை. 20 கலங்கள் கொண்ட ஒரு வரிசையில் ஒன்று இப்படிப் பழுதாகி, வரிசையின் இரு முனைகளும் நேரடியாக இணைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றில் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டும். நல்ல கலங்கள் 19உம் சேர்ந்து தரும் 9.5 வோல்ட், பழுதான கலத்தின் மேல் தலைகீழாக விழுகிறது. அதன் வழியே 4.5 ஆம்பியர் ஓடுகிறது. 9.5 × 4.5 = சுமார் 43 வாட். மின்சாரம் தர வேண்டிய கலம், மின்சாரத்தை விழுங்கிச் சூடாகிறது.

43 வாட் என்றால் எவ்வளவு? வானொலி பழுதுபார்ப்பவர் கையிலிருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான வெப்பம், விரித்த கையளவுள்ள ஒரு கலத்தில் வெளிப்படுகிறது. வெப்பம் கலம் முழுவதும் பரவாமல் ஒரு புள்ளியில் குவிந்தால், பின்புறத் தாள் கருகலாம், மேற்கண்ணாடி வெடிக்கலாம். அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 1975 முதல் 1986 வரை நடத்திய சூரியப் பலகைத் திட்டத்தில் இந்தச் சூட்டுப்புள்ளியைத் தனியே ஆராய்ந்து, பலகைகள் அதைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனையையும் வகுத்தார்கள்.

இதற்குக் காப்பாகப் பலகையின் பின்புறப் பெட்டியில் 20 கலங்களுக்கு ஒன்றாக டயோடுகளை வைப்பது வழக்கம். ஒரு வரிசை சோர்ந்தால் மின்னோட்டம் டயோடு வழியே அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மேலே கண்ட பலகையில் மீதி 40 கலங்கள் 180 வாட் தரும். டயோடு எடுத்துக்கொள்வது போக, சுமார் 175 வாட் கிட்டும். இது நட்டத்தைக் குறைக்கும், பழுதை நீக்காது. பழுதைத் தொழிற்சாலையிலேயே நீக்க வேண்டும்.

பழுதே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது

மீண்டும் கால்குலேட்டருக்கு வருவோம். அதிலுள்ளது படிக ஒழுங்கற்ற சிலிக்கானின் மெல்லிய படலம். இவ்வகைக் கலத்தை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சன், கிறிஸ்டோபர் ரான்ஸ்கி என்ற இருவர் 1976இல் செய்து காட்டினார்கள். அதன் திறமை அப்போது 2.4 சதவீதமே. 1980இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் இவ்வகைக் கலங்களைக் கால்குலேட்டர்களுக்கென உற்பத்தி செய்யத் தொடங்கியது.

கண்ணாடியின் மேல் ஒளிபுகும் கடத்திப் படலம், அதன்மேல் சிலிக்கான், அதன்மேல் உலோகம். நடுவிலுள்ள சிலிக்கானின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. படலம் படியும்போது ஒரு தூசு விழுந்தாலும் போதும், ஊசிமுனைத் துளை ஏற்பட்டுவிடும். பிறகு பூசப்படும் உலோகம் அத்துளைக்குள் இறங்கி, கீழேயுள்ள கடத்தியைத் தொட்டுவிடும். கலத்தில் பிறக்கும் மின்னோட்டம் வெளிச் சுற்றுக்குப் போகாமல் இந்தக் கசிவு வழியில் ஓடி வீணாகும். மங்கிய வெளிச்சத்தில் பிறக்கும் மின்னோட்டமே மிகச் சிறிது. கசிவு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இத்துளையை எப்படித் தேடுவது? தேடவே வேண்டாம் என்பதுதான் இதிலுள்ள அழகு. சூரிய மின்கலம் என்பது ஒரு டயோடு. அதற்கு எதிர்த்திசையில் சில வோல்ட் கொடுத்தால், நல்ல பகுதி எங்கும் மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்திவிடும். கசிவு வழி வெறும் மின்தடைதானே, அதற்குத் திசை கிடையாது. ஆகவே மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளி வழியே பாயும். மின்னோட்டத்தின் இருமடியும் மின்தடையும் பெருகிய அளவு வெப்பம் அந்தச் சிறு இடத்தில் பிறக்கிறது. அங்குள்ள உலோகம் உருகி விலகியோ ஆக்சைடாக மாறியோ தொடர்பு அறுந்துவிடும். ஊசிமுனை அளவு இடம் செத்துவிட, மீதிக் கலம் பிழைத்துக்கொள்கிறது. எதிர் மின்னழுத்தத்தை மட்டும் அளவோடு கொடுக்க வேண்டும். மிகுந்தால் நல்ல பகுதியே முறிந்துபோகும். இம்முறைக்கு ஆர்.சி.ஏ. 1979இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

கூரைப் பலகைகளில் பயன்படும் படிகச் சிலிக்கான் வில்லைகளில் கசிவு இருந்தால் வேறொரு வழியும் உண்டு. கசிவுள்ள இடத்தைச் சுற்றி லேசர் கதிரால் ஒரு பள்ளம் வெட்டி, அதைக் கலத்தின் மற்றப் பகுதியிலிருந்து பிரித்துவிடலாம். இரு முறைகளின் தத்துவமும் ஒன்றே: கெட்டதைத் திருத்த முயலாமல், அது நல்லதைத் தொடாதபடி துண்டித்துவிடுவது.

இருட்டில் ஒளிரும் கலம்

விரிசலோ வேறு வகையான பழுது. படிகச் சிலிக்கான் வில்லையின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணாடியைப் போல் நொறுங்கக் கூடியது. இதன்மேல் பற்றாசு பூசிய செம்புப் பட்டைகளைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் பற்றவைக்கிறார்கள். ஆறும்போது செம்பு, சிலிக்கானைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுதலாகச் சுருங்குகிறது. அந்த இழுவிசையில் மயிரிழை போன்ற விரிசல்கள் விழலாம். வெறுங் கண்ணுக்கு அவை தெரிவதில்லை.

அவற்றைக் காண ஓர் எளிய வழி இருக்கிறது. சூரிய மின்கலம் ஒளியை வாங்கி மின்னோட்டம் தருகிறது. அதையே தலைகீழாக்கி, இருட்டறையில் கலத்திற்குள் முன்னோக்கிய திசையில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது ஒளியைத் தரும்! எல்.இ.டி. விளக்கில் நடப்பதும் இதுதான். எலெக்ட்ரானும் துளையும் இணையும்போது சிலிக்கானில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 1.12 எலெக்ட்ரான் வோல்ட். 1,240ஐ இந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்: ஏறத்தாழ 1,100. நம் கண்ணின் எல்லை சுமார் 700. எனவே இந்த அகச்சிவப்பு ஒளியை நாம் காண முடியாது. அதற்கேற்ற கேமரா காணும்.

படத்தில் நல்ல பகுதி பளிச்சென்று தெரியும். விரிசல் கருங்கோடாகத் தெரியும். மின்னோட்டம் சென்றடையாத துண்டு முழுதும் இருண்டு கிடக்கும். ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் தகாஷி ஃபுயுகியும் அவருடைய குழுவினரும் 2005இல் இம்முறையில் கலங்களைப் படமெடுத்துக் காட்டினார்கள். பின்னர் இது தொழிற்சாலைகளில் வழக்கமான சோதனையாயிற்று. ‘மின்னொளிர்வுப் படம்’ என்று இதைச் சொல்லலாம்.

மாற்றுக் கலம்

கருங்கோடு தெரிந்தால் உடனே கலத்தை மாற்றிவிடுவார்களா? அவசரப்படக் கூடாது. விரிசலுக்கு இருபுறமும் உள்ள பகுதிகள் உலோகக் கம்பிகளால் இன்னும் இணைந்திருந்தால், மின்னோட்டம் அதிகம் குறையாது. ஒரு பகுதி முழுதும் தனித்துப் போயிருந்தால்தான் பெரிய ஆபத்து. சோதனையாளர் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் மாற்றுவதிலும் ஆபத்து உண்டு.

மாற்றும்போது, பழுதான கலத்தின் இருபுறமும் செம்புப் பட்டைகளைச் சூடாக்கிப் பிரித்தோ வெட்டியோ அதை எடுத்துவிட்டு, புதியதை வைத்துப் பற்றவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் பக்கத்துக் கலத்தில் புது விரிசல் விழக்கூடும். ஆகையால் மாற்றியபின் மறுபடியும் மின்னொளிர்வுப் படம் எடுக்க வேண்டும். புதிய கலமும் மற்றவற்றோடு ஒத்த மின்னோட்டம் தருவதாக இருக்க வேண்டும். இதற்காகவே கலங்களைச் செயற்கை வெயிலில் அளந்து, முன்கூட்டியே தரவாரியாகப் பிரித்து வைக்கிறார்கள்.

மூடுவதற்கு முன்

இத்தனையையும் ஒரு குறிப்பிட்ட கட்டத்திற்குள் முடித்துவிட வேண்டும். அடையாள அட்டையை லேமினேஷன் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சூரியப் பலகையும் அப்படித்தான் மூடப்படுகிறது. கண்ணாடி, கலங்கள், பின்தாள் ஆகியவற்றின் இடையில் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக் தாள்களை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுமார் 150 டிகிரி செல்சியஸில் அழுத்துகிறார்கள். பிளாஸ்டிக் இளகிக் கலங்களைச் சூழ்ந்துகொள்கிறது. அதன் நீண்ட மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து வலையாகிவிடுகின்றன. வேகவைத்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகாது. இந்தப் பிளாஸ்டிக்கும் அப்படியே. மீண்டும் சூடாக்கினாலும் பழையபடி உருகி வழியாது. அதற்குப் பிறகு ஒரு கலத்தை மட்டும் வெளியே எடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். பலகையைக் குறைந்த தரமென்று ஒதுக்கலாம், அல்லது கழித்துவிடலாம்.

மூடுவதற்கு முன் கண்டுபிடித்தால் நட்டம் ஒரு கலம். பின்னர் கண்டுபிடித்தால் நட்டம் அறுபது கலமும் கண்ணாடியும். யாரும் காணாமல் கூரைக்கே ஏறிவிட்டால், கால் நூற்றாண்டு உழைக்க வேண்டிய பலகை ஒவ்வொரு நாளும் குறைவாக ஈட்டும், சூட்டுப்புள்ளியாகவும் மாறலாம். மூடும் இயந்திரத்திற்குள் போகுமுன் இருட்டறையில் எடுக்கும் அந்தப் படத்திற்கு இருக்கும் மதிப்பு இதுதான்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே கண்ட பலகையில் பழுதான கலத்தை எடுத்துவிட்டு, 8 ஆம்பியர் தரும் கலத்தை வைத்தால் பலகையின் திறன் என்ன? 10 ஆம்பியர் தரும் கலத்தை வைத்தால் என்ன? டயோடுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முதலாவதற்கு 240 வாட், இரண்டாவதற்கு 270 வாட் என்று உங்களுக்கு விடை வந்திருக்கும். மிகச் சிறந்த கலத்தை வைத்தும் 270ஐத் தாண்டவில்லையே, ஏன்? குடம் கைமாற்றும் வரிசையை நினைத்துக்கொண்டு உங்கள் நண்பருக்கு விளக்கிச் சொல்லுங்கள் பார்க்கலாம்!