நெல்லுக்கு நானோ யூரியா: மூட்டையைக் குறைக்கலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் பயிரிடும் விவசாயிகள், நானோ யூரியாவை நம்பி மூட்டை யூரியாவைக் குறைக்குமுன் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும்.

2021-ல் இப்கோ வெளியிட்ட அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து 4 சதம். அதாவது சுமார் 20 கிராம். 45 கிலோ மூட்டையிலோ 20 கிலோவுக்கு மேல் உள்ளது. பின்னர் வந்த 'பிளஸ்' வகையிலும் சத்து கிராம் கணக்குத்தான்.

துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் இலைத்துளை வழியே உட்புகும் என்று சொல்லப்படுகிறது. ஆனாலும் கிலோவின் வேலையைக் கிராம் செய்யாது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வில், யூரியாவைப் பாதியாகக் குறைத்து இதைத் தெளித்தபோது மகசூல் குறைந்தது.

எனவே, மண் பரிசோதனைப்படி அடியுரம், மேலுரம் இடவும். கூடுதல் ஊட்டமாக மட்டும், லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 4 மில்லி கலந்து, தூர் கட்டும் பருவத்தில் மாலையில் தெளிக்கலாம்.