மாற்றுச் சிறுநீரகமும் மருந்தொழுக்கமும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் தொண்ணூற்றைந்தாவதாக அமைந்துள்ளது. அதன் குறள்களுட் பல உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றன. இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்காம். மாணவர் இந்நான்கையும் மனனஞ் செய்வர். ஆயினும், நாலாமவர் எதற்காக மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணப்பட்டார் என்று சிந்திப்பவர் சிலரே. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றாரின் வாழ்வை நோக்கின் அவ்வினாவுக்கு விடை தெளிவாகும்.

இப்பொருள் எமக்குத் தொலைவான ஒன்றன்று. எம் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கேயுள்ள வில்கமுவப் பகுதி, காரணம் முற்றும் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயினால் வருந்தும் பகுதிகளுள் ஒன்று. வடமத்திய மாகாணத்தில் 1990களில் வெளிப்பட்ட அந்நோய் வேளாண்மக்களையே மிகுதியாகப் பற்றியது. இலங்கையில் முதன்முதலாக மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது 1985ஆம் ஆண்டிற் கொழும்பிலாகும். இன்று கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் அச்சிகிச்சை நடைபெறுகின்றது. ஆதலின், பல்லேபொல போன்ற சிற்றூரிலும் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒருவர் எம் அயலவராக இருத்தல் கூடும். அவர் உயிர் நாள்தோறும் உட்கொள்ளும் சில குளிசைகளைப் பற்றி நிற்கின்றது.

உடலின் காவல்

எமது உடல் தன்னுடையதையும் அயலானதையும் பிரித்தறியும் இயல்புடையது. கிருமி புகுந்தால் வெண்குருதிக் கலங்கள் அதனை எதிர்த்தழிக்கும். இக்காவலையே நிர்ப்பீடனம் என்கின்றோம். ஆயின், உயிர் காக்க வந்த சிறுநீரகத்தையும் அக்காவல் பகையென்றே கருதும். ஈன்ற தாய் ஈந்ததாயினும் அதனை அயலானதென்றே கொண்டு தாக்கும். தோலொட்டுக்கள் ஏன் உதிர்கின்றன என்பதை ஆராய்ந்து இவ்வுண்மையை நிலைநாட்டியவர் பீற்றர் மெடவார். அவர் 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1954ஆம் ஆண்டு திசெம்பரில் பொஸ்ரன் நகரில் யோசேப்பு மரே என்னும் சத்திரவைத்தியர் செய்த மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றமைக்குக் காரணமும் இதுவே. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையர். ஆதலால் உடல் வேற்றுமை காணவில்லை.

இரட்டையரல்லாதார்க்கு மருந்தே துணை. கேற்றூட் எலியன், யோர்ஜ் இற்சிங்ஸ் என்போரின் ஆய்வுக்கூடத்திற் பிறந்த அசதயோப்பிரின் 1960களின் தொடக்கத்தில் அக்கதவைத் திறந்தது. நோர்வே நாட்டு மலைமேட்டு மண்ணிலிருந்து பெற்ற பூஞ்சணத்திலே சைக்குளோஸ்போரினும், யப்பானின் சுக்குபா என்னுமிடத்து மண்ணிலுள்ள நுண்ணுயிரில் 1984ஆம் ஆண்டு டக்ரோலிமசும் கண்டெடுக்கப்பட்டன. மண்ணை மிதித்துச் செல்லும் நாம் அதனுள் இத்துணை மருந்து உறங்குவதை எண்ணுவதில்லை. இன்று டக்ரோலிமஸ், மைக்கோபினொலேற், பிரெட்னிசொலோன் என்னும் மூன்றும் சேர்த்துக் கொடுக்கப்படுதல் பெருவழக்கு.

அளவும் காலமும்

இம்மருந்துகள் காவலை முற்றாக ஒழிப்பனவல்ல, ஒடுக்கி வைப்பன. குளத்து நீரை இதற்கு உவமை கூறலாம். நீர் மட்டம் தாழ்ந்தால் வயல் காயும். மிகுந்தால் அணை உடையும். குருதியில் டக்ரோலிமசின் அளவு குறையின் உடல் உறுப்பை நிராகரிக்கும். மிகின் கை நடுங்கும், நீரிழிவும் உயர்குருதியமுக்கமும் தோன்றக்கூடும், தொற்றுக்கள் பெருகும், காக்கவேண்டிய அச்சிறுநீரகமே கெடும். ஆதலின், காலை எட்டு மணிக்கு உட்கொள்பவர் இரவும் எட்டு மணிக்கே உட்கொள்ளல் வேண்டும். நாளுக்கொருமுறை உட்கொள்ளும் வகையும் உண்டு. அவ்விருவகையையும் ஒன்றென்று கருதி மாற்றிக்கொள்ளல் பெருந்தீங்கு பயக்கும். ஒரு நிறுவனத்தின் குளிசைக்குப் பதில் மற்றொன்று கொடுக்கப்பட்டால் வைத்தியருக்கு அறிவித்த பின்னரே அதனைத் தொடர்தல் வேண்டும்.

குருதிச் சோதனை நாளில் ஒரு நுட்பம் உளது. அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளுமுன் எஞ்சி நிற்கும் அளவையே வைத்தியர் அறிய விரும்புவர். ஆதலின் அன்று காலைக் குளிசையை வீட்டில் விழுங்காமல், உடன் கொண்டுசென்று, குருதி கொடுத்த பின் உட்கொள்வதே முறை. விடியற்காலையில் மாத்தளை வழியாகக் கண்டிக்குப் பேருந்தேறுபவர் குளிசையையும் குடிநீரையும் உணவையும் பையில் எடுத்துச் செல்க.

ஒரு வேளை மறந்தால் என் செய்வது? மறுவேளையில் இரட்டிப்பாக விழுங்கலாகாது. எத்துணை நேரம் வரை பிந்தி உட்கொள்ளலாம் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். ஆதலின் அதனை முன்னரே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். மருந்துண்டவுடன் வாந்தியெடுத்தாலும், வயிற்றோட்டம் தொடர்ந்தாலும் உடனே வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும். வயிற்றோட்டம் டக்ரோலிமசின் அளவைக் குருதியில் உயர்த்தக்கூடும் என்பது பலர் அறியாத செய்தி.

யாவற்றினும் கொடியது, சுகமாயிருக்கின்றோம் என்னும் எண்ணமே. வலியில்லை, வீக்கமில்லை, இனி மருந்தெதற்கு என்று நிறுத்துவார் உளர். நிராகரிப்பு பெரும்பாலும் ஓசையின்றி வரும். குருதியிற் கிரியற்றினின் உயர்வே முதற் சான்றாகும். உடல் உணர்ந்து கூறும்போது உறுப்பு பெரிதும் அழிந்திருக்கும். பிரெட்னிசொலோனைச் சடுதியாக நிறுத்துவதோ தனியே ஓர் ஆபத்து. சுகமாயிருத்தல் மருந்தின் பயனேயன்றி மருந்து வேண்டாமைக்குச் சான்றன்று.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தமை யாவரும் அறிந்ததே. அது தந்த பாடம் இது: இறுதிக் குளிசை வரை காத்திராமல், சில வாரங்களுக்குரிய மருந்து கையிலிருக்கும்போதே அடுத்ததைத் தேடுதல் வேண்டும்.

உணவும் பிற மருந்தும்

எம்மூர்த் தோட்டங்களிற் காய்க்கும் பம்பளிமாசு டக்ரோலிமசைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துக் குருதியில் அதன் அளவைப் பெருக்கும். கிரேப்புரூட் என்னும் பழமும் அத்தகையதே. ஆதலின் இரண்டும் விலக்கற்பாலன. காமரங்காயும் பிலிம்பிக்காயும் ஒட்சலேற்று மிகுந்தவை. அவற்றின் சாறு பழுதற்ற சிறுநீரகத்தையுங் கெடுத்தமை மருத்துவ நூல்களிற் பதிவாகியுள்ளது.

பிற மருந்துகளினும் விழிப்பு வேண்டும். எரித்திரோமைசின், கிளரித்திரோமைசின், புளுக்கொனசோல் என்பன டக்ரோலிமசின் அளவை உயர்த்தும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும் வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயினும் அதனைத் தாழ்த்தும். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபினக், ஐபுபுரொபன் என்பன சிறுநீரகத்தையே தாக்கும். அசதயோப்பிரின் உட்கொள்பவர்க்குச் சந்துவாதத்துக்குரிய அலோபியூரினோலைச் சேர்த்தால் வெண்குருதிக் கலங்கள் பேரளவிற் குன்றும். சீந்தில் முதலிய மூலிகைகளை நாம் போற்றுவது அவை நிர்ப்பீடனத்தை வளர்க்கும் என்பதனாலன்றோ? ஒடுக்கி வைத்த காவலைத் தட்டியெழுப்புதல் இந்நோயாளர்க்கு நன்மையாகாது. எந்த வைத்தியரிடஞ் சென்றாலும் முதலில் தம் மருந்துகளின் பெயர்ப்பட்டியலைக் காட்டுதல் கடனாகும்.

மைக்கோபினொலேற் உட்கொள்ளும் பெண்கள் கருத்தரிக்க விரும்பின், பல மாதங்களுக்கு முன்பே வைத்தியரைக் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும். அம்மருந்து கருவுக்கு ஊறு செய்யும்.

தொற்றும் காய்ச்சலும்

காவல் தணிந்த உடலிற் சிறு தொற்றும் பெரிதாகும். வயலில் இறங்குபவரை எலிக்காய்ச்சல் பற்றுவது எம் மாவட்டத்திற்குப் புதிதன்று. 2008ஆம் ஆண்டில் அது மாத்தளையிற் பெரிதும் பரவியது. ஆறாப் புண்ணோடு சேற்றில் இறங்கலாகாது. காய்ச்சாத பாலும் கொதியா நீரும் ஆகா. உயிருள்ள கிருமியினாற் செய்த தடுப்பூசிகளைத் தவிர்த்தல் வேண்டும். காய்ச்சல் கண்டால் பரசிற்றமோலை விழுங்கிக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. திருவிழா நெரிசலில் முகக்கவசம் அணிதல் நன்று. மாத்தளை முத்துமாரியம்மன் தேரைச் சற்று விலகி நின்று வணங்கினும் அருள் குறையாது.

விரதம் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். கந்தசஷ்டி நாட்களிற் சொட்டு நீருமருந்தாது நோற்கும் அடியார் எம்மிடையே உளர். மாற்றுறுப்புடையார் அவ்வாறு மருந்தை விடுதல் தகாது. நீரின்றி இருத்தலும் சிறுநீரகத்துக்குக் கேடே. நோயுற்றார்க்கு விரதத்தில் விதிவிலக்கு உண்டென்பதைப் பெரியோர் எப்போதும் ஒப்புவர். ஒருவர் தம் உடலின் ஒரு பகுதியை அறுத்து ஈந்திருக்க, அதனைக் காவாது விடுவது நோன்பாகுமா? ஒருவேளைக் குளிசையை நேரந் தவறாது விழுங்குதலே அவர்க்கு நோன்பென்போம்.

நாலாமவர் கடமை

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மருந்துறையில் எழுதப்படுவன பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கங்கள். ஆங்கிலமுஞ் சிங்களமும் வாசிக்க இயலாத தமிழ்மூதாட்டி ஒருத்தி, வெள்ளைக் குளிசை, மஞ்சட் குளிசை என்று நிறத்தாலேயே மருந்தை அறிவாள். நிறுவனம் மாறி நிறம் மாறினால் அவள் அறிவு முழுதும் பொய்யாகும். பிழை அவளதன்று, எழுத்து அவளை எட்டவில்லை.

இங்கேதான் பேணுபவர் மருத்துவத்தின் ஒரு கூறாகின்றார். எம் கல்லூரியிலே எழுத்தறிவு பெற்ற பழைய மாணவர் ஒவ்வொருவரும் அந்நாலாமவராதல் கூடும். ஓர் அட்டையில் மருந்தின் பெயர், அளவு, மணி, அடுத்த சோதனை நாள், விலக்கவேண்டிய பழம், வைத்தியசாலைத் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிற் பெரிய எழுத்தில் எழுதி, மருந்தாளரிடமோ தாதியிடமோ காட்டிச் சரிபார்த்து, அடுப்படிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தால் அது பேருதவியாகும். அதற்கு ஓர் அட்டையும் அரை மணி நேரமும் போதும். வீட்டிலுள்ள பள்ளிப்பிள்ளைக்கு அதனை வாசித்துக் காட்டும் பொறுப்பைக் கொடுத்தால், இரவு எட்டு மணிக்குப் பாட்டியை அழைக்கும் குரலும் கிடைக்கும்.

வைத்தியர் கூற்றுக்கு இக்கட்டுரை மாற்றாகாது. அவர் கூறியதை நோயாளர் விளங்கி ஒழுகுதற்குத் துணையேயாகும். விழாக் காணும் எம் கல்லூரி எமக்கு ஈந்த எழுத்து, எழுத்தறியாத அயலவரின் உயிருக்குக் காவலாகுமாயின், அதனினும் சிறந்த குருதட்சணை வேறில்லை.