12 வோல்ட்டின் அக்கினி

மட்டக்களப்பு.

அன்புள்ள தம்பிக்கு,

மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் நெருங்கிவரும் வேளையில், நீயும் முதன்முறையாகத் தனித்து ஒரு திருவிழாவின் மின்விளக்குச் சோடனையைப் பொறுப்பேற்றிருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷமடைந்தேன். உன் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கைக்குக் கொஞ்சம் பயமும் வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

230 வோல்ட்டுக்கு அஞ்சுகிற நாம், சோடனை விளக்குகளில் ஓடும், தொட்டாலும் அதிராத 12 வோல்ட்டைச் சாதுவென்று எண்ணிவிடுகிறோம். 360 வாட்டை 230 வோல்ட்டிலே கொண்டுசெல்ல ஒன்றரை அம்பியருக்குச் சற்று மேல் போதும். 12 வோல்ட்டிலோ 30 அம்பியர் வேண்டும். உஷ்ணமோ அம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவது.

பல வருஷங்களுக்கு முன், வாவியோரக் கோயில் ஒன்றில், மழைக்கு அஞ்சிப் பவர் சப்ளையையும் கொன்ட்ரோலரையும் பொலித்தீனால் இறுகச் சுற்றிக் கிடுகுப் பந்தலில் கட்டிவிட்டு, மூன்று திருகாணிகளுக்குப் பிரித்திருக்கவேண்டிய வயர்களைச் சோம்பலினால் ஒன்றிலேயே திணித்துவைத்தேன். மாலை முழுதும் வர்ணங்கள் மாறிமாறி ஓடியபோது ஒன்றும் நேரவில்லை. சுவாமி எழுந்தருளுகையில், சிவப்பும் பச்சையும் நீலமும் ஒருங்கே எரிந்தாலன்றி வராத வெண்மையைச் சோடனை முழுவதற்கும் கொடுத்த சில நிமிஷங்களில், கற்பூர வாசனையோடு பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் கலந்தது. ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினேன். உப்புக்காற்றில் பச்சைபூத்த திருகாணியடியில் ஓர் ஓமின் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 30 அம்பியரில் 45 வாட் உஷ்ணம். ஈயம் உருக்கும் அயனொன்றைக் காய்ந்த கிடுகுக்கடியில் ஏற்றிவைத்தவன் நானேதான். உருகியோ எரிந்து அறுந்துபோகவேயில்லை. மிகையாக ஓடும் மின்சாரத்தை அறியுமேயன்றி, தளர்ந்த இணைப்பை அது அறியாது.

ஆதலின், கிளைக்கொரு உருகி வை. ஆனால் அதை மட்டும் நம்பாதே. வயர்முனைக்கு ஈயம் பூசித் திருகாணியில் இறுக்காமல், முனைக்குழாய் மாட்டி நசுக்கி இறுக்கு. பூசிய ஈயம் நாளடைவில் நசிந்து இணைப்பைத் தளர்த்திவிடும். 30 அம்பியர்ப் பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து 24க்கு மேல் எடுக்காதே. பெட்டியைக் கிடுகிலும் துணியிலும் கட்டாமல், தகரக் கூரையின்கீழ், காற்றுப்புகும்படி கல்லின்மேல் வை. உள்ளிருக்கும் கொள்ளளவிகளின் ஆயுள், 10 பாகை உஷ்ணம் ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

கடைசியாக ஒன்று. கச்சான் காற்று வீசும் ஒரு நடுப்பகலில், எல்லா விளக்கையும் ஒரு மணிநேரம் வெண்மையாகவே எரியவிட்டு, பிறகு பிரதான மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பார். சுடும் இணைப்பை மறுபடி செய். ஒன்றும் சுடாத அன்றைக்குச் சுவாமியை எழுந்தருளச் சொல்.

இங்ஙனம்,
உன் அண்ணன்