சமுதாயச் சிக்கல்களும் சட்டமன்றக் குழுக்களும்

எங்கள் மணலி புதுநகரில் சில நாட்களில் நள்ளிரவு தாண்டியபின் காற்றில் ஒரு நெடி வரும். சன்னலைச் சாத்தினாலும் போகாது. எங்கிருந்து வருகிறதென்று அறுதியிட்டுச் சொல்ல எங்களால் இயலவில்லை. மழைக்காலத்தில் வேறு கவலை. 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் ஊரைச் சூழ்ந்ததை மறக்க முடியுமா? இவற்றையெல்லாம் சேர்த்துத் தெருவார் சார்பில் மனு எழுதும் பொறுப்பு, அரசியல் அறிவியல் படிப்பவன் என்ற ஒரே காரணத்தால் என் தலையில் விழுந்தது. யாருக்கு எழுதுவது என்று தேடப் போனதன் விளைவே இக்கட்டுரை.

நூற்றுக்கணக்கானோர் கூடும் அவையில் ஒரு சிக்கலின் அடிவேர்வரை சென்று ஆராய்வது அரிது. ஆகவே அவை தன் பணியின் ஒரு பகுதியைக் குழுக்களிடம் ஒப்படைக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் 1993-இல் 17 துறைவாரி நிலைக்குழுக்கள் அமைந்தன. 2004-இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். அமைச்சர்கள் இடம்பெற இயலாது. மானியக் கோரிக்கைகள், ஆண்டறிக்கைகள், நீண்டகாலக் கொள்கை ஆவணங்கள் ஆகியவற்றோடு, அவைத்தலைவர்கள் அனுப்பும் மசோதாக்களையும் இவை ஆராய்கின்றன. 'அனுப்பும்' என்ற சொல்லை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அனுப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 15-ஆம் மக்களவைக் காலத்தில் (2009–14) 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17-ஆம் மக்களவைக் காலத்தில் (2019–24) 16 விழுக்காடே சென்றன.

அனுப்புவதென்று முடிவானாலும், எந்தக் குழுவுக்கு என்ற கேள்வி எழுகிறது. எந்த அமைச்சகம் மசோதாவைக் கொணர்ந்ததோ அதற்குரிய குழுவுக்கு என்பதே பெரும்பாலும் நடைமுறை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்த 2012-இல் வந்த மசோதா, தொழிலாளர் நிலைக்குழுவுக்குச் சென்றது. பட்டறையில் நிற்கும் சிறுவன் பள்ளியில் இல்லாத சிறுவனும் அன்றோ? அவனைக் கல்விக்குழு அல்லவா முதலில் தேடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் அந்தக் குழு நன்றாகவே ஆராய்ந்தது. குடும்பத் தொழிலில் சிறுவர் உதவலாம் என்னும் விலக்கு சட்டத்தில் ஓட்டையாகிவிடும் என்று 2013-இல் எச்சரித்தது. 2016-இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்விலக்கு இருக்கவே செய்கிறது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது.

பெண்களின் திருமண வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் வந்தது. கல்வி, பெண்கள், குழந்தைகள், இளைஞர் நலம், விளையாட்டு என்று பலவற்றையும் ஒருசேரச் சுமக்கும் நிலைக்குழுவுக்கு அது சென்றது. அப்போது அக்குழுவின் 31 உறுப்பினர்களில் பெண் ஒருவரே! 2024-இல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியாயிற்று. இதற்கு மாறாக, 1996-இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கென்றே கீதா முகர்ஜி தலைமையில் கூட்டுக்குழு அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அறிக்கை தந்தது. மசோதா நிறைவேறவில்லை என்பது வேறு கதை. ஆயினும், துறைக் குழுவில் அடங்காத சிக்கலுக்குத் தனிக்குழு அமைக்கும் வழி நாடாளுமன்றத்தில் உண்டு என்பது அதனால் விளங்குகிறது.

இனி எங்கள் மனுவுக்கு வருவோம். எங்கள் வட்டாரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு உண்டு, அனல் மின்நிலையம் உண்டு, துறைமுகம் உண்டு, கண்டெய்னர் லாரிகள் உண்டு. தில்லியில் இவை பெட்ரோலியம், எரிசக்தி, போக்குவரத்து எனத் தனித்தனிக் குழுக்களின் எல்லைக்குள் வருவன. காற்று இன்னொரு குழுவுக்குரியது. அதைச் சுவாசிக்கும் என் பாட்டியின் நுரையீரல் சுகாதாரக் குழுவுக்குரியது.

தமிழகச் சட்டமன்றப் பேரவையிலோ இத்தகைய துறைவாரிக் குழுக்களே இல்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் 1980 முதல் உண்டு. நம் பேரவையில் பொதுக்கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு முதலியன இருக்கின்றன. குடிமக்கள் நேரே மனு அனுப்பக்கூடியது மனுக்கள் குழு. மாவட்டந்தோறும் சென்று, நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினைகள் குறித்து மனுப் பெறும் நல்ல குழுதான். ஆனால் ஒரு மனுவில் ஒரே பிரச்சினைதான் இருக்கலாம்; அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும்.

நான் எழுதியதோ நான்கு பக்கம். தெருவார் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி எதை வைப்பது, எதை விடுவது என்று இரவு வெகுநேரம் பேசினர். மழைநீர் வடிகால் என்றால் எந்தத் துறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே அதுவே நின்றது. நெடியைப் பற்றிய பத்தியை என் கையாலேயே அடித்துவிட்டு, மறுநாள் காலை புதிதாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.