கதிரையை நகர்த்தாதீர்கள்: பிற்ஸ்பேர்க் வழக்கங்கள் சில

சென்ற தைப்பூசத்தன்று பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது, எமது மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, இந்த ஊர்ச் சனம் ஏன் றோட்டிலை கதிரை வைச்சிருக்குது? எறிஞ்சதாக்கும் எண்டு நினைச்சு, காலமை ஒண்டை ஓரமாத் தள்ளிப்போட்டு மனுசியின்ரை காரை விட்டிட்டு வந்தனான்."

பிரசாதத்தைப் பிறகு வாங்கலாம், முதலில் போய்க் காரை எடுத்துக் கதிரையை இருந்த இடத்தில் வையும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லவும், இந்த ஊர் வழக்கங்களில் எமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை எடுத்துக்காட்டவுமே இக்கட்டுரை.

நான் பிற்ஸ்பேர்க்குக்கு வந்தது 2009ஆம் ஆண்டு கார்த்திகையில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து, கொழும்பில் கணக்காய்வு வேலை பார்த்த எனக்கு இங்கு முதலிற் கிடைத்தது ஒரு ஹோட்டலில் இரவு நேரம் பாத்திரம் கழுவும் வேலை. 2010 பெப்ரவரி 5ஆம் திகதி தொடங்கி மறுநாள் வரை 21 அங்குலம் பனி கொட்டியது. எங்கள் தெருவிலே கார்கள் வெள்ளை மேடுகளாகத் தெரிந்தன. இரண்டு மூன்று நாள் கழித்து, வேலை முடிந்து விடியற்காலை வந்தபோது, ஒரேயொரு இடம் மாத்திரம் கார் நீளத்துக்கு அழகாக வெட்டித் துப்புரவாக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு பழைய மடிப்புக் கதிரை. யாரோ குப்பைக்குப் போட்டது என்று எண்ணி, அதைத் தூக்கி மதிலோரம் வைத்துவிட்டுக் காரை நிறுத்திப் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்த இடத்தைத் தோண்டியவர் பக்கத்து வீட்டு முதியவர். எழுபது வயது கடந்தவர். மனைவியை வைத்தியரிடம் கூட்டிச் செல்வதற்காக முதல்நாள் முழுவதும் நின்று தோண்டியிருக்கிறார். திரும்பி வந்தபோது அங்கே என் கார் நின்றது. இரண்டு தெரு தள்ளிக் காரை விட்டு இருவரும் பனிக்கட்டியில் நடந்து வந்திருக்கிறார்கள். வழியில் அந்த அம்மையார் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தெருவில் எவரும் வணக்கம் சொல்லாததை நான் கண்டேன். நிறத்தால், மொழியால் என்று எண்ணிக்கொண்டேன். மூன்று கிழமைக்குப் பின் வேலைத்தலத்தில் கூட வேலை செய்த ஒருவர் பேச்சுவாக்கில் கதிரை வழக்கத்தைச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. கதிரை வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, தெரு பொதுவானது. ஆனால் பனியைத் தோண்டியவனுக்கே அந்த இடம் என்பது ஊரார் சட்டம். தோண்டாத இடத்தில் கதிரை வைப்பதும், பனி கரைந்த பின்னும் எடுக்காமல் விடுவதும் அதே ஊரார் கண்ணில் தவறுதான்.

அன்று பின்னேரம் அம்மா உழுந்துவடை சுட்டுத் தந்தார். அதைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். முதியவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "வெள்ளிக்கிழமை ஒன்றும் சமைக்காதேயுங்கள், எங்களோடு கோயிலுக்கு வாருங்கள்" என்றார். அவர் கோயில் என்றது தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை. அங்கேதான் இந்நகரத்துச் சாப்பாட்டை முதன்முதலாக அறிந்துகொண்டேன்.

இவ்விடத்தில் சிறிது சரித்திரம் சொல்லவேண்டும். அலெகெனி, மொனொங்கஹீலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹாயோ ஆறாகும் முனையில் அமைந்த ஊர் இது. 1758இல் பிரித்தானியத் தளபதி ஃபோர்ப்ஸ், வில்லியம் பிற் என்ற அரசியல்வாதியின் பெயரை இதற்கு இட்டார். பின்னர் உருக்கு ஆலைகள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் போலந்து, சிலோவாக்கியா, குரோவாசியா, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து ஏழைகள் அந்த ஆலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் தெரியாது. அவரவர் தம் கோயிலைக் கட்டி அதைச் சுற்றிக் குடியிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். என் அயலவரும் அவர்களில் ஒருவர். ஆலைகள் போயின, அந்தச் சமையல் போகவில்லை.

கத்தோலிக்கர்கள் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்பதில்லை. ஆகையால் அந்த வெள்ளிகளில் தேவாலயங்களிலும் தீயணைப்பு நிலைய மண்டபங்களிலும் பொரித்த மீன் விற்பார்கள். இதற்கு 'ஃபிஷ் ஃப்ரை' என்று பெயர். வரும் பணம் அந்தந்த இடத்தின் செலவுக்குப் போகும். வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீட்டில் வளர்ந்த எமக்கு இது புதிதல்ல. ஆனால் மீன் மட்டும் எப்படி விலக்கானது என்பதுதான் அம்மாவுக்கு விளங்கவில்லை. நாங்கள் மரக்கறி அல்லாத எல்லாவற்றையும் 'மச்சம்' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லின் பொருளே மீன். அவர்களோ மீனை மச்சத்தில் சேர்ப்பதில்லை!

மரக்கறிக்காரர் அங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிரோகி என்று ஒன்று உண்டு. கோதுமை மாவை வட்டமாகத் தட்டி, மசித்த உருளைக்கிழங்கும் சீஸும் உள்ளே வைத்து, பாதிநிலா வடிவில் மடித்து, ஓரத்தை விரலால் கிள்ளி அவித்தெடுப்பார்கள். பின்னர் வெங்காயத்தோடு பட்டரில் பிரட்டித் தருவார்கள். அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது எங்கடை பல்லுக்கொழுக்கட்டையெல்லோ!" என்றார். பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது தலையில் கொட்டும் கொழுக்கட்டையின் அச்சு அசல் வடிவம். அரிசி மாவும் பயறும் சர்க்கரையும் மட்டுமே குறைவு. அதோடு ஹலுஷ்கி என்று கோவாவையும் நூடில்ஸையும் பட்டரில் வதக்கிய ஒன்றும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இவ்விரண்டிலும் மற்ற நாட்களில் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவும் வழக்கம் உண்டு. தவக்கால வெள்ளிகளில் அது இராது. எனவே எமக்கு அதுவே நல்ல நாள். மாவில் முட்டை சேர்ந்திருக்கலாம். விரதகாரர் கேட்டுத்தான் உண்ணவேண்டும். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்நகரிலிருந்து 1968 முதல் 2001 வரை நாடு முழுவதும் ஒளிபரப்பான சிறுவர் நிகழ்ச்சியை நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ் ஒரு மரக்கறிக்காரர் என்பது எம்மவர் பலருக்குத் தெரியாது.

இவ்வூர்ப் பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மையார் முதன்முறை எங்களை "யின்ஸ்" என்று கூப்பிட்டபோது, வேறு யாரையோ பெயர் சொல்லி அழைக்கிறார் என்று திரும்பிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் 'யூ' ஒன்றுதானே. நீ, நீர், நீங்கள் என்று பிரித்துப் பழகிய எமக்கு அது எப்போதும் ஒரு குறை. பிற்ஸ்பேர்க்கார் அந்தக் குறையைத் தாமே தீர்த்து, பலரைக் குறிக்க யின்ஸ் என்கிறார்கள். ஸ்கொத்லாந்திலிருந்து அயர்லாந்து வழியாக வந்தவர்கள் விட்டுச்சென்ற பேச்சு அது. அதே வழியில் வந்தது 'நெப்பி' என்ற சொல். பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவரைக் குறிக்கும். இதற்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு சொல் உண்டு: விடுப்பு. வீட்டை ஒதுக்கித் துப்புரவாக்குவதை 'ரெட் அப்' என்பார்கள். எமது பிள்ளைகள் பள்ளியிலிருந்து இச்சொற்களைக் கொண்டுவந்தால் பிழையான ஆங்கிலம் என்று திருத்தாதீர்கள். எமது பேச்சுத்தமிழைப் பிழை என்றவர்கள் மீது எமக்கு எவ்வளவு கோபம் வந்தது!

இனி, குக்கி மேசை. எனக்கு இந்நகரில் மிகவும் பிடித்த வழக்கம் இதுதான். திருமணத்தில் கேக் இருந்தாலும், மண்டபத்தின் ஒரு பக்கம் நீண்ட மேசைகளில் உறவினரும் அயலவரும் தம் வீட்டில் செய்த இனிப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். கையில் காசில்லாத குடியேறிகள் கேக்குக்குப் பதிலாக ஆளுக்கொரு தட்டுக் கொண்டுவந்ததில் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்ரவுண் நகரத்தார், அது தங்களுடையது என்பார்கள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

என் அக்காவின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, அம்மையார் கேட்ட முதற் கேள்வி: "குக்கி மேசையை யார் பார்க்கிறார்கள்?" அப்படி ஒன்று இல்லை என்றோம். அவர் முகம் மாறிவிட்டது, யாருமற்ற பெண்ணுக்குக் கல்யாணம் என்று கேட்டதுபோல. ஆளுக்கு ஒரு டசின் என்று கணக்குச் சொன்னார். இருநூறு பேருக்கு 2,400. கணக்காளனான எனக்கே தலை சுற்றியது. தமது கோயிற் பெண்கள் ஐவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாதமாகச் சுட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். அந்த முறிந்த மணிக்கட்டு குளிர் நாளில் நோகும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணி உலர்த்தும் மரக்கவ்விகளில் மாவைச் சுற்றிச் சுட்டு, உள்ளே கிறீம் நிரப்பும் 'லேடி லொக்ஸ்', இரும்பு அச்சில் வார்த்துப் பூப்போல எடுக்கும் இத்தாலிய 'பிற்செல்லி', பெருஞ்சீரக வாசனையோடு, வால்நட் சுருள்கள். முட்டை சேராதவற்றைத் தனித் தட்டில் வைத்துச் சீட்டும் எழுதினார்.

எமது பெண்கள் சும்மா இருப்பார்களா? ஊரில் கல்யாணத்துக்கு முன் நல்லநாள் பார்த்து, அயலட்டை கூடிப் பலகாரம் சுடுவது எமது வழக்கமல்லவா. பயத்தம் பணியாரம், முறுக்கு, சிப்பி எல்லாம் வந்தன. பிற்செல்லிக்குப் பக்கத்தில் எமது கொக்கிஸை வைத்தபோது இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலிருந்தன. விருந்தினர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சிறு பெட்டிகள் வைப்பதும் வழக்கம். அவற்றை மறக்கவேண்டாம், மறந்தால் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போவார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீலர்ஸ் உதைபந்தாட்டக் குழுவின் மஞ்சள் துவாய், வானொலி வர்ணனையாளர் மைரன் கோப் 1975இல் தொடக்கியது. 1996இல் அதன் உரிமையை அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளோரைப் பராமரிக்கும் அலெகெனி வலி பாடசாலைக்கு அவர் கொடுத்துவிட்டார். அவருடைய மகனும் அங்கு பராமரிக்கப்பட்டவர். எனவே அதை வாங்குவது வீண்செலவல்ல. இங்கே எச். ஜே. ஹைன்ஸ் தொடங்கிய நிறுவனம் '57 வகை' என்று 1896 முதல் விளம்பரம் செய்தது. அப்போதே அறுபதுக்கு மேற்பட்ட வகைகள் இருந்தன. இப்படிக் கணக்கெழுதினால் என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். வரிக் கணக்கு என்றால், பென்சில்வேனியாவில் சமைக்காத உணவுப்பொருளுக்கும் பெரும்பாலான உடைகளுக்கும் விற்பனை வரி இல்லை, சோடாவுக்கு உண்டு. பச்சை விளக்கு எரிந்தவுடன் எதிரே இடப்பக்கம் திரும்பக் காத்திருப்பவரை முதலில் போகவிடும் 'பிற்ஸ்பேர்க் லெஃப்ற்' என்ற பழக்கத்தைச் சட்டம் ஏற்பதில்லை. விட்டுக்கொடுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள்.

மாநிலத்தின் கிழக்கே 'டச்சுக்காரர்' எனப்படுவோர் உண்மையில் ஜேர்மனியர். 'டொய்ச்' என்ற சொல் மருவியது. புதுவருடத்தன்று பன்றி இறைச்சியும் புளித்த கோவாவும் உண்பது அவர்கள் பரப்பிய வழக்கம். கோழி பின்னோக்கிக் கிளறும், பன்றி முன்னோக்கிக் கிண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கோவாவை மட்டும் உண்டு நாமும் முன்னேறலாம். பெப்ரவரி 2ஆம் திகதி பங்ஸடானி என்ற ஊரில் ஃபில் என்னும் கிரவுண்ட்ஹொக் தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு கிழமை குளிர் என்று, 1887 முதல் சோதிடம் பார்க்கிறார்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று வருடாவருடம் வாதிடும் நாம் அதைப் பார்த்துச் சிரிக்காதிருப்பது நல்லது.

பக்கத்து வீட்டு முதியவர் காலமாகி நான்கு வருடமாகிறது. அம்மையார் இப்போது கார் ஓட்டுவதில்லை; கார் விற்றாயிற்று. சென்ற குளிர்காலத்தில் முதற் பனி விழுந்ததும் என் மகனும் நானும் அவர் வாசலுக்கு முன்னால் கார் நீளத்துக்குத் தோண்டினோம். "காரே இல்லையே அப்பா, ஆருக்கு?" என்று மகன் கேட்டான். ஞாயிறு தோறும் அவருடைய மகள் ஒஹாயோவிலிருந்து வருவார் என்றேன். அதே மடிப்புக் கதிரையை அம்மையார் படியில் எடுத்து வைத்திருந்தார். மகன் அதை விரித்து நடுவில் வைத்தான். சற்றுக் கோணலாக இருக்கிறதென்று யன்னலைத் தட்டிச் சைகை காட்டினார். அவன் போய்த் திருப்பி வைத்தான்.